தியோடர் கோக்கர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே அமைந்த சுவிட்சர்லாந்து மலைவளம் மிக்க நாடு. பனி மூடிய ஆல்ப்சு முகடுகளையும், தெளிந்த ஏரிகளையும், பசும்புல் வெளிகளையும் காண்பதற்குப் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்குச் செல்கின்றனர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் மலையூர்களுக்குச் சென்றவர் கண்ட மற்றொரு காட்சி உள்ளத்தை வருத்துவதாகும். அவ்வூர்களில் பலருடைய கழுத்தின் முன்புறத்தில் கழலை தொங்கியது. சிலர்க்கு அஃது எலுமிச்சங்காய் அளவினது. சிலர்க்குத் தேங்காய் அளவினது. பெரிதாக வளர்ந்த கழலை மூச்சுக்குழலை நெருக்கும். படுத்து உறங்கவும் விடாது. இதனினும் கொடியது ஒன்றும் உண்டு. அவ்வூர்களிற் பிறந்த குழந்தைகளுட் சிலர் உயரம் குன்றி, செவி கேளாது, பேச்சு வாராது, அறிவு மலராது, ஆண்டுகள் பல கழிந்தும் குழந்தைகளாகவே இருந்தனர். கழலைக்கும் இக்குறைக்கும் உறவு உண்டு என்று பலரும் ஐயுற்றனர். அவ்வுறவு யாதென்று எவரும் அறிந்திலர்.

இத்தகைய நாட்டின் தலைநகராகிய பெர்ன் நகரில் 1841ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் தியோடர் கோக்கர் பிறந்தார். அவருடைய தந்தையார் பொறியியல் வல்லுநர். அன்னையார் இறைப்பற்று மிக்கவர். இளமை முதற்கொண்டே கோக்கர் அமைதியும் ஒழுங்கும் உடையவராய் வளர்ந்தார். பெர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1865ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லின், இலண்டன், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று, அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கிய அறுவை மருத்துவர்களின் கைத்திறனை அருகிருந்து கண்டார். தாயகம் திரும்பிய அவரை 1872ஆம் ஆண்டில் பெர்ன் பல்கலைக்கழகம் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. அப்பொழுது அவருக்கு வயது முப்பதே. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அழைத்த போதும் அவர் பிறந்த நகரைவிட்டு நீங்காமல், இறுதிவரை நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

அக்காலத்தில் கழுத்துக் கழலையை அறுத்து நீக்குதல் உயிரோடு விளையாடுதல் எனக் கருதப்பட்டது. கழலை தோன்றும் உறுப்புக்குத் தைராய்டு என்பது பெயர். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் இருமருங்கும் தழுவி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் அஃது அமைந்துள்ளது. அதன் சிற்றளவை நோக்க மிகுந்த குருதி அதனூடே பாய்கின்றது. கத்தி பட்டதும் குருதி ஊற்றெனப் பெருகும். அதனை நிறுத்த இயலாமல் நோயாளி மேசைமீதே உயிர் துறப்பதும் உண்டு. அதற்குத் தப்பியவரைச் சீழ் பிடித்து மாய்க்கும். பில்ரோத் என்னும் பெரும் புகழ்படைத்த அறுவை மருத்துவரும், தாம் முதலிற் செய்த இருபது கழலை அறுவைகளில் எட்டுப் பேரை இழந்து, பல ஆண்டுகள் அதனைக் கைவிட்டிருந்தார்.

கோக்கர் இதனை மேற்கொண்டார். மேற்கொள்ளாமல் இருக்கவும் அவரால் இயலாது. மூச்சுத் திணறி வரும் மலைநாட்டு ஏழை மக்கள் வேறு யாரிடம் செல்வர்? இங்கிலாந்து நாட்டு லிஸ்டர், காயத்திற் கிருமி புகாமல் காக்கும் முறையை 1867ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். கோக்கர் அதனை நன்கு கைக்கொண்டார். அதனினும் மேலாக, அவருடைய கைவினை தனித்தன்மை வாய்ந்தது. விரைந்து அறுத்தலே திறமை என்று பலர் எண்ணியிருந்த நாளில், அவர் மெல்ல மெல்ல, ஒரு பொற்கொல்லன் நுண்பணி செய்வது போலப் பணிசெய்தார். குருதிக் குழாய் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கட்டிய பின்னரே கத்தியை மேலும் செலுத்துவார். குரலை இயக்கும் நரம்பை ஊறுபடாமல் விலக்குவார். அவர் அமைத்த இடுக்கி ஒன்று இன்றும் உலகின் எல்லா அறுவை அரங்குகளிலும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தொடக்கத்தில் அவர் கையிலும் நூற்றுக்குப் பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால், ஆண்டுகள் செல்லச்செல்ல அத்தொகை குறைந்து, 1912ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாயிற்று. அவர் வாழ்நாளிற் செய்த கழலை அறுவைகள் ஐயாயிரத்திற்கு மேற்பட்டவை.

இவ்வாறு புகழ் வளர்ந்துவந்த நாளிலேதான் அவர் அறியாமல் ஒரு கேடும் வளர்ந்து வந்தது.

1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் கழலையை நீக்கினார். தைராய்டு முழுவதையும் ஒரு துணுக்கும் எஞ்சாமல் எடுத்துவிட்டார். புண் நன்கு ஆறியது. சிறுமி நலமுடன் ஊர் திரும்பினாள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. அறுவைக்கு முன்னர் இருவரும் இன்னார் இன்னார் என்று பிரித்தறிய இயலாதவாறு ஒத்த தோற்றத்தினர். சில காலம் சென்றபின் அவ்வூர் மருத்துவர், அச்சிறுமி முற்றிலும் மாறிவிட்டாள் என்று கோக்கருக்குத் தெரிவித்தார். அச்செய்தி அப்பொழுது மேலும் ஆராயப்படாமலே நின்றுவிட்டது.

1882ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெனிவா நகரத்து மருத்துவர் ரெவர்தன் கோக்கரைச் சந்தித்து உரையாடினார். தைராய்டு முழுவதையும் இழந்த தம் நோயாளிகள் சிலர் சில திங்கள் கழித்துச் சோர்ந்து, வெளிறி, முகம் வீங்கி, மந்த நிலை அடைவதைத் தாம் கண்டதாகவும், கோக்கருடைய நோயாளிகளிடமும் அத்தகைய மாற்றம் காணப்பட்டதுண்டோ என்றும் அவர் வினவினார். இக்குறையை முதலில் கவனித்தவர் ரெவர்தனே. பின்னாளில் இதன் பொருட்டு இருவரிடையே வழக்கு எழுந்ததும் உண்டு. ஆனால் அன்று அவ்வினாவைக் கேட்ட கோக்கரின் நினைவில், எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த செய்தி எழுந்தது.

அவர் வாளா இருந்திருக்கலாம். உயிர் பிழைத்தவர்களே மிகுதி. அவர்கள் குறைகூறி வந்தாரும் அல்லர். மலைநாட்டில் மந்தர்கள் புதியரும் அல்லர். ஊரின் இயல்பான நோயே இவர்களையும் பற்றியது என்று சொல்லின் யாவரும் நம்பியிருப்பர். கோக்கரோ, தம்மிடம் கழலை அறுவை செய்துகொண்ட 102 பேரையும் தேடுவித்தார். அவர்களுள் 77 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது. ஒரு பகுதியை மட்டும் இழந்தவர்கள் நலமாக இருந்தனர். தைராய்டு முழுவதையும் இழந்தவர்களுள் நேரில் வந்து சோதனைக்கு உட்பட்டோர் பதினெண்மர். அவர்களுள் பதினாறு பேரிடம் அக்கேடு புலனாயிற்று.

பெர்னுக்கு வரவழைக்கப்பட்டவர்களுள் அச்சிறுமியும் ஒருத்தி. இப்பொழுது அவள் இளம்பெண். உடன் வந்த தங்கை வளர்ந்து, எழில் நிறைந்த நங்கையாய் நின்றாள். அக்காளோ சிறு குழந்தையின் உயரமே உடையவளாய், தடித்த முகமும் மந்த நோக்கும் கொண்டு, அறிவு மங்கியவளாய் நின்றாள். இருவரையும் அருகருகே நிறுத்தி எடுத்த படத்தைக் கோக்கர் மறைக்காமல் தம் கட்டுரையுடன் அச்சிட்டார். 1883ஆம் ஆண்டு ஏப்பிரலில் பெர்லின் நகரில் கூடிய செர்மானிய அறுவை மருத்துவர் பேரவையின் முன் அவர் தம் கையால் விளைந்த கேட்டை எண்ணிக்கையுடன் விளக்கினார். இனிக் கழலைக்காகத் தைராய்டு முழுவதையும் அகற்றுவதில்லை என்னும் உறுதியும் மேற்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் வியத்தற்குரிய ஒன்று உண்டு. பில்ரோத்தின் நோயாளிகளிடம் இக்கேடு அருகியே காணப்பட்டது. அவர்களைக் கைகால் இழுப்பு நோயே பெரிதும் வருத்தியது. இருவர் கைத்திறனையும் நேரிற் கண்ட ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர் பின்னாளில் இதற்குக் காரணம் கூறினார். பில்ரோத் விரைந்து அறுப்பவர். ஆதலின் தைராய்டின் துணுக்குகள் ஆங்காங்கே தங்கிவிடும். அதன் பின்புறத்தில் உள்ள நெல்மணி போன்ற சிறு சுரப்பிகள் நான்கும் சிதைந்துபோகும். குருதியில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பவை அச்சிறு சுரப்பிகளே. அவை அழியின் தசைகள் இழுத்துக்கொள்ளும். கோக்கரோ துப்புரவாகப் பணிசெய்பவர். அவர் கையில் அச்சிறு சுரப்பிகள் பிழைத்தன; தைராய்டு மட்டும் ஒரு துணுக்கும் எஞ்சவில்லை. ஆகவே, தேர்ந்த கையே பெருங் கேட்டினை முழுமையாக விளைத்தது என்னலாம்.

தைராய்டு நீங்கினால் அறிவு ஏன் மங்குதல் வேண்டும்? இதனை அறிய நம் உடலிலுள்ள சுரப்பிகளின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி முதலியன தாம் சுரக்கும் நீரைக் குழாய் வழியே உரிய இடத்திற் கொண்டு சேர்க்கின்றன. தைராய்டுக்கு அத்தகைய குழாய் இல்லை. அதனால் அஃது ஒரு பயனும் அற்ற உறுப்பு என்றும், கழுத்திற்கு அழகு தருவதற்காகவே அமைந்தது என்றும் முன்னோர் சிலர் எண்ணினர். உண்மையில் அது தன் நீரை நேரே குருதியிற் கலந்துவிடுகின்றது. இவ்வாறு சுரப்பனவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்த அட்ரீனல் முதலியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. கணையம் செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புவதோடு, இன்சுலினை நேரே குருதியிலும் சேர்த்து, இருவகைத் தொழிலும் செய்கின்றது.

இச்சுரப்பிகள் தரும் நீர்ப்பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். கிரேக்க மொழியில் தூண்டுதல் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயரை ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் 1905ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தார். ஹார்மோனை ஓலை தாங்கிய தூதனுக்கு ஒப்பிடலாம். குருதி என்னும் பெருவழியிற் செல்லும் அத்தூதன் எல்லா வீட்டு வாயில்களையும் கடந்து செல்கின்றான். ஆனால், ஓலை யாருக்கு உரியதோ அவரே அதனைப் பிரித்துப் படிப்பர். தைராய்டு அனுப்பும் ஓலையோ ஓரிருவருக்கு மட்டும் உரியதன்று. இதயம், தசை, தோல், எலும்பு, மூளை ஆகிய யாவும் அதனைப் படிக்கின்றன. உண்ட உணவை எவ்வளவு விரைவாக எரித்து ஆற்றலாக்க வேண்டும் என்பதை அது பணிக்கின்றது. ஓலை மிகுந்தால் இதயம் படபடக்கும், உடல் மெலியும், கை நடுங்கும். குறைந்தால் குளிர் தாங்காது, தோல் தடிக்கும், எண்ணம் மந்தமாகும். வளரும் பருவத்தினர்க்கு அஃது இல்லையேல் எலும்பு நீளாது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இல்லையேல் மூளை முதிராது.

கோக்கர் முதலில் இவ்வாறு எண்ணினார் அல்லர். மூச்சுக்குழல் நலிந்து உயிர்வளி குறைவதால் அக்கேடு நேர்ந்தது என்று அவர் கருதினார். அவர் கண்ட உண்மை சரியானது. கூறிய காரணம் சரியன்று. அவர் கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் கூட்டமொன்றில் பெலிக்ஸ் செமன் என்பவர், அங்குள்ள பெண்களிடம் காணப்பட்ட மிக்சிடீமா என்னும் வீக்க நோயும், மலைநாட்டுக் குழந்தைகளின் குறையும், கோக்கர் கண்ட கேடும் ஒன்றே என்றும், தைராய்டின் இழப்பே அம்மூன்றிற்கும் வேர் என்றும் உரைத்தார். கேட்டோர் பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் அமைக்கப்பட்ட குழு ஐந்தாண்டு ஆராய்ந்து, 1888ஆம் ஆண்டில் அது மெய்யே என்று முடிவு கூறியது.

வேர் தெரிந்தபின் மருந்து தோன்ற நெடுநாள் ஆகவில்லை. 1883ஆம் ஆண்டிலேயே கோக்கர், தைராய்டை இழந்த நோயாளி ஒருவருக்குப் பிறர் தைராய்டின் ஒரு பகுதியைப் பொருத்திப் பார்த்தார். அது நிலைத்துப் பயன் தரவில்லை. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை, மிக்சிடீமா நோயால் வருந்திய 46 வயது மங்கை ஒருத்திக்கு ஊசி வழியே செலுத்தினார். வீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது, அவள் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். ஒரு சுரப்பியின் நீரைப் புறத்திலிருந்து அளித்து நோயை நீக்கிய முதல் வெற்றிகளுள் இஃது ஒன்று. 1895ஆம் ஆண்டில் பௌமன் என்னும் செர்மானிய வேதியியல் அறிஞர் தைராய்டில் அயோடின் உள்ளதைக் கண்டார். 1914ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கெண்டல் அதன் ஹார்மோனாகிய தைராக்சினைப் பளிங்குத் துகளாகப் பிரித்தெடுத்தார்.

கோக்கரின் பணிகளைப் போற்றி 1909ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அறுவை மருத்துவர்களுள் அப்பரிசை முதலிற் பெற்றவர் அவரே. 1912ஆம் ஆண்டில் அவர் இரண்டு இலட்சம் பிராங்கைப் பெர்ன் பல்கலைக்கழகத்திற்கு ஆராய்ச்சியின் பொருட்டு நன்கொடையாக ஈந்தார். அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் அதன் பயனாக அமைந்தது. அவரை நாடிப் பல நாட்டினரும் பெர்னுக்கு வந்தனர். உருசியப் புரட்சித் தலைவர் லெனின் தம் மனைவியாரின் தைராய்டு நோய்க்காக 1913ஆம் ஆண்டில் அவரிடமே அழைத்துச் சென்றார். நோயாளி அரசியல் தலைவரின் மனைவியாயினும் ஆயர்குடிப் பெண்ணாயினும் கோக்கர் அறுக்கும் வேகம் மாறியதில்லை. இழைக்கும் கவனமும் மாறியதில்லை.

1917ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் மாலையில் அவசர அறுவைக்காக அவரை மருத்துவமனைக்கு அழைத்தனர். எழுபத்தைந்து வயது கடந்திருந்த அவர் சென்று அதனைச் செய்து முடித்தார். வீடு திரும்பியதும் உடல் நலம் குன்றி, நான்கு நாட்களுக்குப் பின்னர், 27ஆம் நாள் உயிர் நீத்தார்.

கழலை ஏன் மலைநாட்டில் மட்டும் மிகுந்திருந்தது என்னும் வினாவிற்கும் அக்காலத்திலேயே விடை தெளிந்தது. தைராக்சினின் ஒவ்வொரு நுண்துகளும் நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது. பழங்காலத்துப் பனியாறுகள் மலைநாட்டு மண்ணை அரித்தபோது அதிலிருந்த அயோடினையும் உடன் கொண்டுபோயின. அம்மண்ணில் விளைந்த உணவில் அயோடின் மிகக் குறைவு. அயோடின் இன்றித் தைராக்சின் குறைய, பிட்யூட்டரி மேலும் சுரக்குமாறு தைராய்டைத் தூண்டிக்கொண்டேயிருக்கும். தூண்டப்பட்ட தைராய்டு பயனின்றிப் பருத்துக் கழலையாகும். ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டும் அயோடினோ மிகச் சிறிது. ஒரு கிராமை ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பங்குகளாக்கினால் அவற்றுள் ஒரு பங்கே போதும்.

கோக்கர் மறைந்த மறு ஆண்டில், ஓட்டோ பயார்டு என்னும் மலைநாட்டு மருத்துவர் தம் ஊர்களில் உப்பில் அயோடினைச் சிறிதளவு கலந்து கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின. 1922ஆம் ஆண்டில் அப்பென்செல் பகுதியில், ஹெரிசாவு நகர மருத்துவர் எகன்பெர்கர் முயற்சியால் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது; பின்னர் ஏனைப் பகுதிகளும் அவ்வழியைப் பின்பற்றின. கோக்கரின் மேசைக்கு வர வேண்டியிருந்த சிறுவர் சிறுமியர் பலர், கத்தியைக் காணாமலே வளர்ந்தனர்.